வத்தல் மூலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் ஏதாவது பேச வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொன்னார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சாரத்தில் நின்றால் நடுங்காத கால், ஆட்கள் எதிரில் நின்றால் நடுங்கும். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு நிற்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் நிற்கப்போகிறேன், கண்தான் காரணம். வெள்ளை அடித்த மொட்டைமாடியில் உச்சி வெயிலில் வருஷக்கணக்காக நின்று கண்ணில் சதை வளர்ந்துவிட்டது. நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் எனக்கும் வாங்கித் தந்தார். சித்தாள் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்று கூச்சப்பட்டு, அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கூச்சத்தால் போனதில் இந்தக் கண் பெரிய நஷ்டம் இல்லை. பெரியது வேறொன்று. அது என்னுடையதும் இல்லை, இன்னொரு குடும்பத்துடையது.

பெயின்ட் கலப்பது, விரிசல் அடைப்பது, ரோலர் ஓட்டுவது எல்லாம் மற்றவர்கள் காட்டித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு மூலையைப் பற்றி.

நம் ஆட்கள் எந்த மாடிக்குச் சூடு இறங்காமல் இருக்க வெயில் பெயின்ட் அடித்தாலும், தண்ணீர்த் தொட்டி ஓரமாக ரெண்டு பாய் விரிக்கிற அளவு இடத்தை வெள்ளை அடிக்காமல் விட்டு, அதில் செங்கல் நிறத் தட்டோடு பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிக் கதவிலிருந்து அந்த இடம்வரை ஒரு வரிசை தட்டோடு, நடந்து போக. நமக்குள் அதற்கு வத்தல் மூலை என்று பேர். "வேலையைப் பாதியில விட்டுட்டுப் போறீங்களே" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நீங்களும் போன வாரம் என்னிடம் கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

சொந்த வீட்டில் இந்த வேலை செய்வது சுலபம். வெயிலில் வேகிறவரும் நமக்குப் பணம் கொடுக்கிறவரும் ஒரே ஆள். வாடகை வீட்டில் வேகிறவர் மேலே இருப்பார், பணம் கொடுக்கிறவர் கீழே இருப்பார். மேல் போர்ஷனில் பகலெல்லாம் ஃபேன் ஓடினாலும், ஏ.சி. போட்டாலும் கீழே இருப்பவருக்கு அது உறைக்காது. சப் மீட்டர் வைத்துக் கரண்டுக்கானதை மேலே இருப்பவரிடமே வாங்கிவிடுவார். அதனால் மொட்டைமாடிக்கு வெள்ளை அடியுங்கள் என்று வீட்டுக்காரரைச் சம்மதிக்கவைப்பது லேசில்லை. அப்படிச் சம்மதிக்கவைத்த ஒரே ஒரு வாடகைக்காரரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் ஆரோக்கியமேரி.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு தெரு. மாசி முடிகிற சமயம். ஒரு வீட்டு மாடியில் நான் தனியாக ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, அது என்ன, சுண்ணாம்பா?"

நிமிர்ந்து பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், கையில் முறுக்கு அச்சு. அவர் காலடியில் ஈரத் துணி விரித்து, துணி முழுக்கக் கூழ்வத்தல் பிழிந்திருந்தது. காக்காய்க்காகக் கறுப்புக் குடை ஒன்றை விரித்துக் கல் வைத்திருந்தார்.

"சுண்ணாம்பு இல்லைங்க. வெயிலுக்கு அடிக்கிறது."

"வெயிலுக்கு அடிச்சா வெயிலு பயந்து ஓடிடுமா?"

"கொஞ்சம் ஓடும்ங்க."

"எங்க ஓடும்? எங்க வீட்டுக்கா? ஏற்கனவே இங்க இடமில்லண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பாதி மாடிதான் முடிந்திருந்தது. மத்தியானம் அவர் அந்த வீட்டுக்குள் வந்து, வெள்ளை அடித்த பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் நின்றார், அடிக்காத பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே வந்து சொன்னார்: "ஒரு ரூம்பு எண்ணெய்ச் சட்டி, ஒரு ரூம்பு தண்ணிப் பானை. எங்க வீட்டுக்கும் அடிச்சுத் தர்றீங்களா?"

"உங்க வீடாங்க?"

"வீட்டுக்காரர் வீடு. ஆனா வேகறது எங்க வீட்டுக்காரர்."

அவருடைய கணவர் செல்வராஜ் மினி பஸ் ஓட்டியவர். ரெண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அந்த மேல் போர்ஷனை எடுத்திருந்தார்கள். அந்த வியாதியில் தண்ணீர் நினைத்தபடி குடிக்கக் கூடாது, அளவாகத்தான் குடிக்க வேண்டும். நமக்கு வேர்த்தால் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்போம். அவர் வாயில் ஒரு துண்டு ஐஸ் அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். அவருக்கு மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேலே வெயில்.

வீட்டைப் பார்க்கப் போனபோது கட்டிலில் இருந்தபடியே கை கூப்பினார்.

"வாங்கண்ணே. தண்ணி குடுக்கச் சொல்லட்டுமா? எனக்குத்தான் முறை வச்சு விடறா, உங்களுக்குத் தாராளமா வரும். மேட்டூரைத் தொறந்து விடறவரைக்கும் கடைமடைக்காரன் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?"

"பேசிப் பேசியே நாக்கு வறண்டு போகுது, அப்புறம் ஐஸ் கேக்கறது" என்றார் ஆரோக்கியமேரி.

"பாத்தீங்களா, வாய்க்காலையும் அடைக்கிறா."

நான் தளத்துக்கு அடியில் கையை உயர்த்திப் பார்த்தேன். இட்லிக் குண்டானைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற மாதிரி சூடு இறங்கியது. அடுப்படியில் கூழ் காய்ச்சுகிற பெரிய பாத்திரம் ஒன்று இருந்தது. செல்வராஜ் படுத்த பிறகு வீட்டுக்கு வருமானம் அந்தப் பாத்திரம்தான். பொழுது விடியும் முன் காய்ச்சி, வெயில் ஏறுவதற்குள் மாடியில் பிழிந்து, காய்ந்ததை மெஸ்களுக்கும் கடைகளுக்கும் கொடுப்பார். பங்குனியும் சித்திரையும் காய்கிற வத்தலில்தான் வருஷம் முழுவதும் ஓட வேண்டும். தளம் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் வத்தல் காயும். கீழே அவரை வேகவைத்த அதே வெயில்தான் மேலே அவருக்கு மருந்து வாங்கித் தந்தது. இது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. ஆனால் வேடிக்கைபோல மனதில் பட்டதே தவிர, என் வேலையோடு சேர்த்து அதை நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்காரர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். குத்தாலம் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் போய், பிள்ளைகளும் வெளியூர் போய், அவரும் மனைவியும் கீழே இருந்தார்கள். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் திட்டுகிறார்கள். அவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஆரோக்கியமேரி என்னையும் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் பேசினார். நான் வாசல்படிக்கு வெளியே நின்றேன்.

"சார், பங்குனி பொறக்கறதுக்குள்ள மாடிக்கு இத அடிச்சுக் குடுங்க சார்."

"போன வருஷம்தானே மேரி ஃபேன் மாத்திக் குடுத்தேன்."

"ஃபேனுக்கு என்ன தெரியும் சார்? மேல இருக்கற வென்னிக் காத்தை எடுத்துக் கீழ ஊத்துது. நீங்க ஒரு நாள் மத்தியானம் வந்து அவர் பக்கத்துல படுத்துப் பாருங்க."

"நான் எதுக்கு செல்வராஜ் பக்கத்துல படுக்கணும்?" என்று அவர் சிரித்தார். உள்ளே அவர் மனைவியும் சிரித்தார். பிறகு வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஏம்பா, இதை அடிச்சா மழைக்கு ஒழுகாதா?" என்று கேட்டார்.

"விரிசல் எல்லாம் அடைச்சிட்டுத்தாங்க அடிப்போம். ஒழுகாது."

அவர் ஒப்புக்கொண்டது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். எதற்காக ஒப்புக்கொண்டால் என்ன, ஆரோக்கியமேரிக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேலை தொடங்கிய அன்று மாடியைக் கழுவினோம். தொட்டி ஓரமாக ஒரு பெரிய சதுரம் மட்டும் தளத்தின் நிறமாக இல்லாமல், மங்கலாக, வழவழப்பாக இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். கஞ்சியும் உப்பும் தளத்தில் ஊறி இறுகிப்போயிருந்தன. அதன்மேல் பெயின்ட் பிடிக்காது, தோல் மாதிரி உரிந்து வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஆரோக்கியமேரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

"பாத்துத் தேய்ங்கண்ணே. எத்தனை வருஷத்து வத்தலு! எங்க வீட்டுக்காரருக்கு நான் வாங்கின ஊசியெல்லாம் அங்கதான் காஞ்சுது."

"கை வலிக்குதுங்க, அவ்வளவு ஊறியிருக்கு."

"நாலஞ்சு நாளைக்கு வத்தல் வராதுன்னு மெஸ்ஸுக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். போதும்ல?"

அவர் கேட்டதன் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. வேலை முடிந்ததும் மறுபடி அங்கேதான் பிழியப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் நான் கையை நிறுத்தி, "அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும்ங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். "போதும்ங்க" என்று சொல்லிவிட்டுத் தேய்த்தேன். பெயின்ட் காய அவ்வளவு நாள் போதும். அதை மட்டும்தான் சொன்னேன்.

ரெண்டு கோட் முடிந்தது. வீட்டுக்காரர் மேலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தவர், மத்தியான வெயிலில் பாதம் சுடாததைக் கண்டு, "அட!" என்றார். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு மாடி முழுக்கப் பார்த்தார். "கோயில் பிரகாரம் மாதிரி ஆயிடுச்சேப்பா. எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்?"

"நல்லா வச்சுக்கிட்டா நாலஞ்சு வருஷம் வரும்ங்க. மேல நடமாட்டம் இருக்கக் கூடாது."

ஆரோக்கியமேரி மாடிப்படிக் கதவருகே நின்றிருந்தார். வீட்டுக்காரர் அவரை ஒருதரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது மேல இவங்க வடாம் பிழியலாமா?"

நாங்கள் வத்தல் என்பதை அவர் வடாம் என்பார்.

ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆரோக்கியமேரியின் முகத்தில் கவலையே இல்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. லேசாகச் சிரித்துக்கொண்டுகூட இருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு என்னென்ன தெரியும் என்று சொல்கிறேன். உப்பும் கஞ்சியும் பட்டால் பெயின்ட் உரியும் என்று தெரியும். தொட்டி ஓரமாகக் கொஞ்சம் இடத்துக்குத் தட்டோடு பதித்துக் கொடுத்தால் வெயிலைத் தட்டோடு வாங்கிக்கொள்ளும், வத்தல் நன்றாகக் காயும் என்று தெரியும். கட்டில் இருக்கிற அறை அந்த மூலைக்கு அடியில் இல்லை, அடுப்படிதான் இருக்கிறது என்றும் தெரியும். அந்த மூலையை வெள்ளை அடிக்காமல் விட்டால் செல்வராஜுக்குக் குளிர்ச்சி குறையாது. இதையெல்லாம் சொல்ல நாலு வார்த்தை பேச வேண்டும். வாடகைக்காரருக்காக வீட்டுக்காரரிடம் பரிந்து பேசுகிற மாதிரி இருக்கும். 'உன்னை யாருய்யா கேட்டா' என்று ஒரு பார்வை வரும். முடிந்துபோன வேலையில் ஒரு பகுதியைக் கொத்த வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் வேறு சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து, ஒரே ஒரு வார்த்தை வெளியே வந்தது.

"கூடாதுங்க."

"உரிஞ்சிடுமா?"

"உரியும்ங்க."

ஆரோக்கியமேரியின் சிரிப்பு உடனே போகவில்லை. அது போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "தார்ப்பாய் விரிச்சுட்டு அது மேல?" என்றார்.

வீட்டுக்காரர் மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு ரெண்டாவது முறையும் வாய்ப்பு வந்தது, பாருங்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்க போக நடக்கணும்ல" என்றேன்.

"சரி மேரி. இவ்வளவு பண்ணிட்டு வீணாக்க முடியாதுல்ல. வேற எங்கயாவது ஏற்பாடு பாத்துக்க" என்றார் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரிதான் சொன்னார். நான் ரோலரைக் கழுவி முடிப்பதற்குள் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது.

நான் சொன்னது பொய் இல்லை. இந்த வேலையில் பொய் சொல்லிக் கெடுப்பவர்கள் உண்டு, அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். மெய்யைப் பாதி சொல்லிக் கெடுப்பவனை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவனே அதை மறந்துவிடுவதும் சுலபம்.

சில நாள் கழித்து, விட்டுவந்த வேலைச் சாமானை எடுக்கப் போனேன். செல்வராஜ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஊட்டியில மினி பஸ் ஓட்டணும்னு எனக்கு ஆசை. நீங்க என்னைப் படுத்தபடியே கொண்டுபோய் இறக்கிட்டீங்க. மத்தியானம் தூங்கறேண்ணே. தூங்கி எவ்வளவு நாளாச்சு!"

என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்த வேலையில் யாரும் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. அடுப்படியில் கூழ் காய்ச்சுகிற பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதையும் பார்த்தேன்.

படி இறங்கும்போது ஆரோக்கியமேரி கூடவே வந்தார். "ரோட்டோரம் காயவச்சேன், புழுதி. சர்ச்சு வளாகத்துல கேட்டேன், ஞாயித்துக்கிழமை தவிர வச்சுக்கன்னாங்க. ஆட்டைத் தொரத்தறதுக்கே ஒரு ஆளு வேணும். இவரை விட்டுட்டு அங்க எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது?" என்றார். பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்தார் போல, "ஆனா வீடு நல்லாக் குளுந்துடுச்சுண்ணே" என்றார்.

கீழே வீட்டுக்காரர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டு பாய் அகலம் தட்டோடு. என் கூலி வேண்டாம், ஒரு பகல் வேலை. மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் வந்தது. அதற்குள் அவர் மனைவி எட்டிப் பார்த்து, "என்னப்பா, பாக்கி ஏதாவது இருக்கா?" என்றார். பணம் கேட்க வந்தேன் என்று நினைத்துவிட்டார். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் வேலை வந்து, அங்கே போய்விட்டோம்.

முதல் பெரிய மழைக்குப் பிறகு, அடித்த வீடுகளுக்கெல்லாம் போய் ஒழுகுகிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். ஐப்பசியில் அந்த வீட்டுக்குப் போனேன். மேல் போர்ஷனில் வேறு ஆட்கள். வேலைக்குப் போகிற இளம் ஜோடி. "சூப்பரா இருக்குங்க வீடு, ஏ.சி.யே தேவைப்படல. இதுக்காகத்தான் வாடகை கூடன்னாலும் பரவாயில்லைன்னு எடுத்தோம்" என்று அந்தப் பெண் சொன்னார். கட்டில் இருந்த இடத்தில் மேசை போட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அவங்களாத்தான்பா காலி பண்ணினாங்க. நான் போகச் சொல்லல. ரெண்டு மாசம் வாடகை நின்னுச்சு, அதைக்கூட நான் கேக்கல. மேரிக்குத்தான் மனசு கேக்கல போல. வலங்கைமான் பக்கம் அவ தம்பி யாரோ இருக்கானாம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வடாம் போட எடமில்லாமப் போச்சு அதுக்கு. மாடியில எங்கயாவது ஓரமா கொஞ்சம் விட்டிருக்க முடியாதாப்பா?" என்று கேட்டார்.

"முடியும்ங்க."

"அப்ப ஏன் நீ சொல்லல? சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வீடு ஒழுகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வத்தல் மூலை அதற்குப் பிறகு வந்ததுதான். காண்ட்ராக்டரிடம் நானே போய்க் கேட்டேன். "நீ வாயைத் தொறந்து கேக்கற முதல் விஷயம், முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அன்றிலிருந்து விலை பேசுவதற்கு முன்னால், காலை வெயில் ஏறுகிற நேரத்தில் மாடிக்குப் போய்ச் சும்மா நிற்பேன். அங்கே யார் வருகிறார்கள் என்று பார்ப்பேன். தளத்துக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாரும் கேட்போம். தளத்துக்கு மேலே யார் பிழைக்கிறார்கள் என்று கேட்க மாட்டோம். பத்திரத்தில் மொட்டைமாடி வீட்டுக்காரருடையது. ஆனால் அதில் துணி காய்வதும், மிளகாய் காய்வதும், பிள்ளை படிப்பதும் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவருடையது. நீங்களும் போய் நில்லுங்கள். நீங்கள் என்னைப்போல இல்லை, நன்றாகப் பேசுகிறீர்கள். வீட்டுக்காரர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். அவர் கேட்காததையும் சொல்லுங்கள். பாதிப் பேர் நல்லவர்களாகவே இருப்பார்கள்.

இதோடு முடிந்தது என்றால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன பங்குனியில், கண் இவ்வளவு மோசமாவதற்கு முன்னால், வலங்கைமான் பக்கம் ஒரு வேலைக்குப் போயிருந்தோம். டீ குடிக்க நடந்து போகிற வழியில் நெல் காயப்போடுகிற சிமென்ட் களம் ஒன்று. அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்தது. ஒரு ஓரம் மட்டும் வெள்ளை வெள்ளையாக இருந்தது. கண் கூசி நீர் வழிந்தது, கிட்டே போகும்வரை என்னவென்று தெரியவில்லை. அதற்குள் கறுப்புக் குடையைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணே! வெயிலுக்கு அடிக்கிற அண்ணே!" என்று களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி கூப்பிட்டார்.

களத்தை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சின்ன வாடகை வீடு. செல்வராஜ் வெளியே வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு இப்போது பஸ் மாறிப் போக வேண்டும்.

"வாங்கண்ணே. ஊட்டியிலேருந்து பஸ்ஸு கீழ இறங்கிடுச்சு" என்றார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். அந்த மாடி வீடு இதற்கு எவ்வளவோ மேல். ஷீட்டிலிருந்து இறங்குகிற சூட்டில் சுவரைத் தொட முடியவில்லை. மரத்தடி நிழல் மத்தியானத்துக்கு மேல் நகர்ந்துவிட்டால் அவர் உள்ளேதான் போக வேண்டும்.

வேலைக்குக் கொண்டுவந்ததில் ஒரு டின் பெயின்ட் மிச்சம் இருந்தது. ஓடிப் போய் எடுத்துவந்தேன். என் வாழ்க்கையில் யாரும் கேட்காமல் நானாக அவ்வளவு பேசியதில்லை. "ஷீட்டுக்கு இதை அடிச்சுத் தர்றேங்க. ஒரு மணி நேர வேலை. காசு ஒண்ணும் வேண்டாம். இங்க களம் இருக்கு, வத்தலுக்கு ஒண்ணும் ஆகாது. இன்னைக்கே உள்ள வித்தியாசம் தெரியும்" என்று ஏணி எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

"வேண்டாம்ண்ணே" என்றார் ஆரோக்கியமேரி.

கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். "காசு வேண்டாம்ங்க" என்றேன் மறுபடி.

"காசுக்கு இல்லண்ணே. வெள்ளையா ரோட்டுலேருந்தே தெரியும். இந்த வீட்டுக்காரர் பாத்தாருன்னா வந்து உள்ள நின்னு பாப்பாரு. இந்தக் களத்து வேலைக்கு வர்ற மேஸ்திரிக்கு வீடு வேணும், காலி பண்ணுங்கன்னு அவரு ஏற்கனவே ரெண்டு தடவை கேட்டாச்சு. வேகுதுன்னுதான் அந்த மேஸ்திரி வரமாட்டேங்கறாரு." அச்சில் கூழை அடைத்துக்கொண்டே சொன்னார். "இது வேகற வரைக்கும்தாண்ணே எங்க வீடு. குளுந்துச்சுன்னா வேற யாருக்காவது ஆயிடும்."

நான் டின்னைக் கீழே வைத்தேன். செல்வராஜ் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளுக்குள் தென்னங்கீற்று கட்டலாமா என்று கேட்டேன். அடுப்பு உள்ளேதான் எரிகிறது, கூழ் காய்ச்ச மணிக்கணக்காக எரிய வேண்டும், தீப்பிடித்தால் அவரை யார் தூக்குவது என்றார். தெர்மகோல் என்றேன். அதுவும் அப்படித்தானே என்றார். அவர் எல்லாவற்றையும் எனக்கு முன்னாலேயே யோசித்திருந்தார்.

கிளம்பும்போது ரோடுவரை கூடவே வந்தார். கட்டில் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏண்ணே, வெளிய தெரியாம, தீயும் பிடிக்காம, உள்ள மட்டும் குளுர வைக்கறதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

மாடியில் அன்றைக்குக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும், வாய் வரவில்லை. இப்போது வாய் வந்தது, பதில் தெரியவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் படித்த பிள்ளைகள். போனில் எதையெதையோ பார்க்கிறீர்கள், பயிற்சிக்கெல்லாம் போகிறீர்கள். அந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் கிடைத்தால் என்னைத் தேடி வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வலங்கைமான் தாண்டி, டீக்கடைக்கு முன்னால் ஒரு சிமென்ட் களம் வரும். அதை ஒட்டிய ஷீட் வீடு. சித்திரை பிறப்பதற்குள் போங்கள். கறுப்புக் குடை விரித்திருந்தால் அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.